பேச்சுக்கு எத்தனை நிமிஷம்

பிப்ரவரி 6

என் அருமை சுண்டெலிக்கு,

புயலக்கா எழுதுவது. நான் நலம். இடது முழங்கால் மட்டும் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாக நடக்கிறது. நீ நலமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை அந்தப் பெரிய ஆபீஸில் கோப்புகளைக் கொறித்துக்கொண்டு இருக்கிறாயா?

போனில் கூப்பிட்டால் என்ன என்று கேட்பாய். கூப்பிட்டால் ரெண்டு நிமிஷத்தில் "அக்கா, மீட்டிங்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி நடுவில் வைக்க முடியாது பார். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துக்கொண்டு படி.

கூடப் பிறக்காத தங்கை நீ, இந்த அறையை விட்டுத் தலைமை அலுவலகத்துக்குப் போய் எட்டு மாசம். உன் கட்டிலில் துவைத்த துணியை மடித்து வைக்கிறேன். ஒருத்தி துணி ஒரு கட்டிலை நிரப்பாது என்று இப்போதுதான் தெரிகிறது. வீட்டுக்காரர் வேறு ஆளைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார், வாடகை பாதியாகுமாம். "ஒன்பது வருஷம் ஒருத்தி குறட்டையைக் கேட்டுக் காது புண்ணாயிருக்கு, முதல்ல அது ஆறட்டும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அவருக்கு எப்போதுமே சிரிப்பு மறுநாள்தான் வரும்.

வேலை நீ தினம் கேட்டுக்கொண்டே தூங்கிப்போவாயே, அதேதான். அதே ஏழு வீடு. ஒரு கால் எடுத்த பஸ் டிரைவர் அய்யா, இடுப்பு உடைந்து படுத்திருக்கும் டீச்சரம்மா, இன்னும் ஐந்து பேர். குளிப்பாட்டு, புண்ணுக்குக் கட்டு மாற்று, மாத்திரை கொடு, அடுத்த வீட்டுக்கு ஓடு. அவர்கள் வீட்டு போனிலேயே கம்பெனி நம்பரைக் கூப்பிட்டு ஒன்றை அமுக்கினால் 'வந்தாச்சு', ரெண்டை அமுக்கினால் 'முடிஞ்சது'. சம்பளம் வீட்டுக்கு முப்பது நிமிஷம் என்று. நடக்கிற நேரத்துக்கு ஒன்றும் கிடையாது, என் முழங்கால் கோபத்துக்கு அதுதான் காரணம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம், எங்கள் கம்பெனிக்குக் காசு கொடுக்கிற உங்கள் துறையிலிருந்து எங்கள் எல்லோருக்கும் ஒரு படிவம் வந்தது. எந்த வேலைக்கு எத்தனை நிமிஷம் ஆகிறது என்று நாங்களே எழுதணுமாம். அடுத்த மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கம்பெனிக்கு எவ்வளவு கொடுப்பது என்று அதைப் பார்த்து முடிவு செய்வார்களாம். பார்த்ததுமே இது நீ போட்ட கட்டம் என்று தெரிந்துவிட்டது. மளிகைச் சீட்டுக்குக்கூட ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறவள் உலகத்தில் நீ ஒருத்திதானே. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் "என் தம்பிக்கு ஒரு வேலை" என்று வாசலில் வரிசை நிற்கும்.

நன்றாக நிரப்பி அனுப்பியிருக்கிறேன். குளிப்பாட்ட பதினொன்று, கட்டு மாற்ற நாலு, மாத்திரைக்கு ரெண்டு. எங்கள் கம்பெனியில் மஞ்சள் பை இருக்கிறாளே, எப்போதும் அந்தப் பையோடு திரிகிறவள், ரெண்டு பிள்ளைகளோடு தனியாகக் கஷ்டப்படுகிறவள், அவள் குளிப்பாட்ட இருபத்தைந்து போட்டிருந்தாள். "மனுஷனைக் குளிப்பாட்டறியா, யானையையா?" என்று கேட்டேன். கடைசியில் 'பேச்சு' என்று ஒரு கட்டம். சிரிப்பு வந்தது. பூஜ்யம் போட்டேன்.

உன் புயலக்கா

*

பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மதியம் சாப்பிடும்போது படித்தேன். எதிர் நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை, அதனால் நான் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை. இந்த மாடியில் இருபது பேர். அதில் நான் ஒருத்திதான் ஒரு வருஷ ஒப்பந்தம். என்னைத் 'தற்காலிகம்' என்றே சொல்கிறார்கள். "அந்த ஃபைலைத் தற்காலிகத்துக்கிட்ட குடுங்க" என்று நான் பக்கத்தில் இருக்கும்போதே சொல்வார்கள். ஜூனில் நிரந்தரமாகுமா, வீட்டுக்கு அனுப்புவார்களா, தெரியாது.

உங்கள் படிவம் வந்தது. அக்கா, அந்தப் 'பேச்சு' கட்டத்தை நான்தான் வைத்தேன். மேலதிகாரி ரெண்டு தடவை எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டு மூன்றாம் தடவை மறுபடி வைத்தேன். டிரைவர் அய்யாவோடும் டீச்சரம்மாவோடும் நீங்கள் உட்கார்ந்து பேசிவிட்டு வந்த கதைகளைக் கேட்டுத்தானே வளர்ந்தேன். நீங்களே அதில் பூஜ்யம் போட்டிருக்கிறீர்கள்.

யோசித்துத்தான் போட்டீர்களா? மாசக் கடைசிக்குள் வேறு படிவம் அனுப்பலாம். உங்கள் இஷ்டம்.

முழங்காலுக்கு மருந்து போடுங்கள்.

அன்புடன்,
சுண்டெலி

*

பிப்ரவரி 25

என் அருமைத் தற்காலிகத்துக்கு,

கோபப்படாதே. அவர்கள் கூப்பிட்டால் குத்தும், நான் கூப்பிட்டால் கிச்சுகிச்சுதான் மூட்டும்.

யோசித்துத்தான் போட்டேன். பேசுவதற்குக் காசு வாங்கினால் அது என்ன பேச்சு? உன்னோடு ஒன்பது வருஷம் பேசினேன், பில் அனுப்பினேனா? அனுப்பியிருந்தால் இன்றைக்கு மாடி வீடு கட்டியிருப்பேன்.

பதினொன்று பொய் இல்லையா என்று நீ மனசுக்குள் கேட்பது இங்கே கேட்கிறது. பொய் இல்லை. போனில் ஒன்றை அமுக்கியதிலிருந்து ரெண்டை அமுக்குகிற வரைக்கும் பார்த்தால் குளியல் பதினொன்றுதான். ஒன்றை அமுக்குவதற்கு முன்னாலேயே போய் வெந்நீர் போட்டு, துணி எடுத்து வைத்து, டிரைவர் அய்யாவைத் தாஜா பண்ணிச் சட்டையைக் கழற்றிவிடுவேன். அவரைக் குளியலறைக்கு நகர்த்துவது பழைய பஸ்ஸைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுகிற மாதிரி. "டபுள் பெல் குடு, அப்பத்தான் கிளம்புவேன்" என்பார். நாக்கால் ரெண்டு தடவை 'டிங்' சொன்னால்தான் கையைத் தூக்குவார்.

ரெண்டை அமுக்கி 'முடிஞ்சது' சொன்ன பிறகு நிதானமாக உட்காருவேன். டீச்சரம்மா வீட்டில் அந்த நேரத்தில் ஒரு டீ. நான் உனக்கு எழுதுகிற கடிதத்தை அவர்தான் திருத்துகிறார். "உன்னை அஞ்சாம் கிளாஸ்ல யாரு பாஸ் போட்டது?" என்று கேட்டார். "பாஸ் போடலை, அதான் நின்னுட்டேன்" என்றேன்.

அதெல்லாம் வேலை இல்லை, சுண்டெலி. அது என் நேரம். என் நேரத்தை உன் படிவத்தில் போட மாட்டேன். ஊரிலேயே வேகமான ஆள் உன் அக்காதான் என்று உன் மேலதிகாரிக்கும் தெரியட்டும்.

புயலக்கா

*

மே 11

சுண்டெலிக்கு,

மூன்று மாசமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. பேனாவையும் தின்றுவிட்டாயா?

ஒரு விஷயம் கேட்கணும். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை காலையில் கம்பெனியில் எல்லோரையும் கூப்பிட்டு புது ஒப்பந்தத்தை மேற்பார்வையாளர் வாசித்தார். ஜூலையிலிருந்து வீட்டுக்குப் பதினேழு நிமிஷம். முப்பது இல்லை, பதினேழு. "எங்க கையில ஒண்ணும் இல்லம்மா, துறை குடுக்கறதே அவ்வளவுதான்" என்றார். பழைய சம்பளம் வேண்டும் என்றால் ஏழு வீட்டுக்குப் பதில் பன்னிரண்டு வீடு ஓடணும்.

மஞ்சள் பைதான் எழுந்தாள். "பள்ளிக்கூடம் விடறதுக்குள்ள நான் ஏழு வீடு முடிக்கறதே பெரிசு. பன்னெண்டுக்கு எங்க போவேன்? புள்ளைங்களை யாரு கூட்டிட்டு வருவா, துறையா?" என்று கேட்டாள். அதே ஏழு வீட்டுக்கு அவளுக்கு இனிமேல் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் வரும்.

"பதினேழு யாரு சொன்னது?" என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள். மேற்பார்வையாளர் தாளைத் திருப்பிப் பார்த்து, "அனுபவமுள்ள பணியாளர் ஒருவரின் அளவுப்படின்னு போட்டிருக்கு. பேர் இல்ல" என்றார்.

"யாருடி அந்த மகராசி? மனுஷங்களைக் குளிப்பாட்டறாளா, கார் கழுவறாளா?" என்றாள் மஞ்சள் பை. எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான்.

அப்புறம் அந்தத் தாள் கைமாறி என்னிடம் வந்தது. குளியல் பதினொன்று. கட்டு நாலு. மாத்திரை ரெண்டு. பேச்சு பூஜ்யம்.

சுண்டெலி, அது என்னுடையதா? ஊரில் இன்னொரு பைத்தியக்காரியும் இதே மாதிரி எழுதியிருக்கலாம் அல்லவா? இல்லை என்று ஒரு வார்த்தை எழுது. நான் நம்பிவிடுகிறேன், எனக்கு நம்புவதில் எப்போதும் கஷ்டம் இருந்ததில்லை.

புயலக்கா

*

ஜூன் 2

அன்புள்ள அக்கா,

உங்களுடையதுதான்.

நாற்பத்து மூன்று படிவம் வந்தது. எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் வீட்டுக்கு நாற்பத்தொரு நிமிஷம் வந்தது. நான் அதைத்தான் எழுதிக்கொண்டு போனேன். மேலதிகாரி நிதித் துறைத் தாளை எடுத்து மேலே வைத்தார். போன வருஷத்தைவிடக் குறைவான தொகை. "இதுக்குள்ள அடங்கற மாதிரி ஒரு படிவம்கூடவா வரல?" என்று கேட்டார். ஒன்று இருக்கிறது என்றேன். என் வாய்தான் சொன்னது, அக்கா, வேறு யாரும் சொல்லவில்லை. நம்பகமான ஆளா என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவர் என்று சொல்லவில்லை. பதினெட்டு வருஷ அனுபவம் என்று மட்டும் சொன்னேன். அதுவும் உண்மைதான்.

அடுத்த வாரம் என் நிரந்தர ஆணை வந்தது. சம்பந்தம் இல்லை என்று பல தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதனால்தான் எழுதவில்லை.

ரெண்டு விஷயம் சொல்ல வேண்டும். உங்கள் கம்பெனிக்கு ஒரு பயிற்சியாளர் வைக்கத் துறை பணம் ஒதுக்கியிருக்கிறது. பதினேழு நிமிஷத்தில் எப்படி முடிப்பது என்று மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் வேலை. மாசச் சம்பளம், ஓட வேண்டாம், முழங்காலுக்கு நல்லது. உங்களைக் கேட்பார்கள்.

இன்னொன்று. ஜூன் முப்பதுக்குள் படிவம் கொடுத்தவரே தவறு என்று திருத்திக் கொடுத்தால் அந்த அளவு செல்லாது. மறுபடி கணக்கிட்டாக வேண்டும், விதி அப்படி. அப்போது ஏன் ஒரே ஒரு படிவத்தை எடுத்தாய் என்று என்னைக் கேட்பார்கள். நிதிக்குள் அடக்கச் சொன்னார்கள் என்று சொல்லித் தப்பிக்கலாம். தெரிந்தவருடையதை மறைத்து எடுத்தேன் என்று வந்தால் தப்பிக்க முடியாது. வேலை போகும்.

நான் உங்களை எதுவும் கேட்கவில்லை. விதியைச் சொன்னேன்.

சுண்டெலி

*

ஜூன் 18

சுண்டெலி,

பயிற்சியாளர் வேலையைக் கேட்டு டீச்சரம்மா ஒரு நிமிஷம் சிரித்தார். "உனக்கே ஒரு டீச்சர் வேணும், நீ டீச்சராகப் போறியா" என்றார். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அந்த மகராசி நான்தான் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. மஞ்சள் பை ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்திருப்பேன். பையை எடுத்து, தினம் எனக்காக இடம் பிடித்து வைக்கிற நாற்காலியில் வைத்தாள். அன்றிலிருந்து காலையில் கம்பெனியில் நின்றுகொண்டே இருக்கிறேன். உன்னைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஒரு வாரம் பதினேழு நிமிஷத்தில் நிஜமாகவே முடித்துப் பார்த்தேன். முன்னால் போகாமல், பின்னால் உட்காராமல். டிரைவர் அய்யாவுக்கு டபுள் பெல் கிடையாது. நாலாம் நாள் அவர், "என்னம்மா, டிப்போக்கு லேட்டாயிடுச்சா?" என்று கேட்டார். ஐந்தாம் நாள் கேட்கவில்லை. ஆறாம் நாள் நான் சொல்வதற்கு முன்னாலேயே கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை, சுண்டெலி.

அதற்கப்புறம் பழைய மாதிரி செய்து, டீச்சரம்மாவைக் கடிகாரம் பார்க்கச் சொன்னேன். குளியல் இருபது. கட்டு ஏழு. மாத்திரை ரெண்டு. பேச்சு பத்தொன்பது. மொத்தம் நாற்பத்தெட்டு. நான் புயலும் இல்லை, ஒன்றும் இல்லை. மஞ்சள் பை எவ்வளவோ அவ்வளவுதான் நானும்.

அவளால் ஏன் அந்த நேரத்தைச் சும்மா கொடுக்க முடியவில்லை, என்னால் ஏன் முடிந்தது என்று நடக்கும்போதெல்லாம் யோசித்தேன். எனக்குப் பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் பள்ளிக்கூட வாசலில் ரெண்டு பேர் நிற்கிறார்கள். எனக்கு யார் நிற்கிறார்கள்? நீ போன பிறகு பூட்டைத் திறந்தால் காலையில் கவிழ்த்து வைத்த டம்ளர் கவிழ்த்தபடியே இருக்கிறது. போவதற்கு இடம் இல்லாதவள் உட்கார்ந்திருந்த நேரம் அது. அதை வைத்து நாற்பத்து மூன்று பேருக்குக் கூலியை வெட்டிவிட்டார்கள். வெட்டியது நீ. கத்தியைத் தீட்டிக் கொடுத்தது நான்.

திருத்திய படிவத்தின் நகல் இதோடு இருக்கிறது. உனக்குத்தான் முதலில். நீயே எடுத்துக்கொண்டு போய் மேலதிகாரியிடம், தெரிந்தவர் என்று சொல்லாதது தப்பு என்று சொல்லிவிடு. திட்டுவார்கள், நிரந்தரத்தைத் தள்ளிப்போடுவார்கள். தானாகச் சொன்னவளை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள் என்று டீச்சரம்மா சொல்கிறார். இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

அனுப்பினால்கூட உன் கட்டில் இங்கே இருக்கிறது. துணியை எடுத்துவிட்டால் போதும்.

புயலக்கா

*

ஜூலை 1

சுண்டெலிக்கு,

இருபத்தெட்டும் வந்தது, இருபத்தொன்பதும் வந்தது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே சைக்கிளை மறு பக்கம் திருப்புகிறார், ஏதோ அவர்தான் உன் கடிதத்தைத் தின்றுவிட்ட மாதிரி. எனக்குக் கோபம் இல்லை என்று முதலில் எழுதினேன். டீச்சரம்மா இது தப்பு என்று அடித்துவிட்டார். சரி, கோபம் இருக்கிறது. கோபத்தோடுதான் எழுதுகிறேன், கேள்.

நேற்று லீவு போட்டுவிட்டு உங்கள் துறையின் கிளை அலுவலகத்துக்குப் போனேன். மூன்று பஸ் மாறி, ரெண்டு மாடி ஏறி. கவுண்டரில் ஒரு பையன் மாதிரி முகம், தலை மட்டும் வழுக்கை. படிவத்தை வாங்கிப் படித்தார்.

"நாப்பத்தெட்டா? முன்னாடி பதினேழுன்னு குடுத்திருக்கீங்க."

"முன்னாடி பெருமைக்கு எழுதினேன். இப்ப கடிகாரம் பார்த்து எழுதறேன்."

"பேச்சுக்கு மட்டும் பத்தொம்பதா? அப்படி என்னம்மா பேசுவீங்க?"

"உங்களுக்கு எழுபது வயசாகி, ஒருத்தரும் வராத வீட்டில படுத்திருக்கும்போது கூப்பிடுங்க. வந்து பேசிக் காட்டறேன்" என்றேன். சிரித்துவிட்டார். முத்திரை குத்திவிட்டார்.

மறுபடி கணக்குப் போட மூன்று மாசம் ஆகுமாம். அதுவரைக்கும் பழையபடி முப்பது நிமிஷம். இன்று காலையில் கம்பெனியில் ரசீதைக் காட்டினேன். மஞ்சள் பை ரெண்டு தடவை படித்தாள். நாற்காலியிலிருந்து பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உட்காரு என்று சொல்லவில்லை. நானே உட்கார்ந்துகொண்டேன்.

இதை எழுதத்தான் இந்தக் கடிதம் என்று நினைக்காதே. முத்திரை குத்தின பிறகு அந்த ஆள் இன்னொரு தாளை நீட்டினார். "ஒரு கேள்விதான், எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றார். துறையின் தலைமை அலுவலகத்தில் உறவினர், நண்பர், தெரிந்தவர் எவரேனும் இருக்கிறார்களா என்று கேட்டிருந்தது. இருந்தால் பெயரும் பதவியும் எழுதணும்.

பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வரிசை நின்றது. நீ பரீட்சைக்குப் படிக்கும்போது புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேனே, எனக்கே பாதி எழுத்து புரியாது, நீ சொல்வது சரியா தப்பா என்று தெரியாமலே "சரி, அடுத்தது" என்று சொல்வேன். அதெல்லாம் அந்த நேரத்தில் ஞாபகம் வந்திருக்கக் கூடாது.

'இல்லை' என்று எழுதினேன். கையெழுத்துப் போட்டேன்.

உனக்காக மட்டும் என்று நினைத்து ரொம்பவும் அழாதே. தெரிந்தவள் இருக்கிறாள் என்று எழுதியிருந்தால், இந்தப் படிவமும் ரெண்டு பேர் சேர்ந்து போட்ட நாடகம் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். மஞ்சள் பை மறுபடி நடுத்தெருவில் நிற்பாள். உன் வேலையும் போகும், அவள் கூலியும் போகும். ஒரு வார்த்தையில் ரெண்டும் பிழைத்தது. எனக்குத் தெரிந்த சின்ன வார்த்தைகளில் அது ஒன்று.

ஆனால் எழுதிக் கொடுத்தது எழுதிக் கொடுத்ததுதான். மறுபடி கணக்குப் போடுகிற மூன்று மாசமும், அதற்கப்புறம் ஒப்பந்தம் ஓடுகிற மூன்று வருஷமும் யாராவது எப்போதாவது தோண்டிப் பார்க்கலாம். அப்போது உன் மேசையில் என் கடிதமோ, என் பெட்டியில் உன் கடிதமோ இருக்கக் கூடாது. உன்னுடையவை எல்லாவற்றையும் இன்று மத்தியானம் பக்கெட்டில் போட்டு நனைத்துக் கரைத்தேன். நீயும் இதைப் படித்ததும் கிழித்துவிடு. சின்னதாகக் கிழி, உனக்குத்தான் அது கைவந்த கலை.

வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன், ஆள் வந்தால் அனுப்பச் சொல்லி. குறட்டை விட்டாலும் பரவாயில்லை என்றேன். சிரித்தார். போன பிப்ரவரியில் சொன்னதற்கு இப்போதுதான் சிரிக்கிறார் என்று நினைக்கிறேன்.

நன்றாக இரு. நாற்பத்து மூன்று படிவமும் மறுபடி உன் மேசைக்குத்தான் வரும். இந்தத் தடவை எல்லாவற்றையும் கூட்டு. அது போதும் எனக்கு.

பதில் போடாதே. போட்டால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். அக்காவாவது பிரிக்காமல் இருப்பதாவது என்று நீ நினைப்பாய். தெரியும். அதனால்தான் போடாதே என்கிறேன்.

கையெழுத்துப் போடவில்லை.